ஓலையைக் காத்த ஊர்

நம் நூலகத்தின் பொன்விழா மலருக்கு வெளிநாட்டு நூலகம் ஒன்றைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, எனக்கு இரண்டாவது யோசனை எழவில்லை. ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், சாலே ஆற்றங்கரையில் இருக்கும் ஹாலே நகரம்தான் மனத்தில் வந்து நின்றது. அந்த ஊருக்கும் தமிழுக்கும் 300 ஆண்டுக்கு மேற்பட்ட உறவு. நம்மில் பலருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

கதையை ஓர் உண்டியலிலிருந்து தொடங்குகிறேன். ஹாலேயின் மதிற்சுவருக்கு வெளியே கிளௌகா என்றொரு ஏழைக் குடியிருப்பு. 1682இல் கொள்ளைநோய் வந்து வாரிக்கொண்டு போன பிறகு மிஞ்சியவை கைவிடப்பட்ட பிள்ளைகளும் மதுக்கடைகளும்தாம். அங்கே போதகராக 1692இல் வந்து சேர்ந்தவர் ஆகஸ்ட் ஹெர்மான் பிராங்கே. ஏழைகளுக்காகத் தம் வீட்டில் அவர் வைத்திருந்த உண்டியலில் 1695இல் ஒரு நாள் யாரோ ஒரு பெண்மணி 4 தாலர் 16 குரோஷன் போட்டுவிட்டுப் போனார். இதைக்கொண்டு உருப்படியாக ஏதாவது செய்தாக வேண்டும் என்று பிராங்கே அன்றே முடிவெடுத்தார். 2 தாலருக்குப் புத்தகம் வாங்கினார். பணமில்லாத மாணவர் ஒருவரைப் பிடித்து, ஏழைப் பிள்ளைகளுக்குத் தினம் 2 மணி நேரம் பாடம் சொல்லித்தர ஏற்பாடு செய்தார்.

பிள்ளைகள் புதுப் புத்தகங்களை ஆசையாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கொடுத்தவை 27. திரும்பி வந்தவை 4. மற்றவர்கள் புத்தகத்தை வைத்துக்கொண்டார்கள், அல்லது விற்றுவிட்டார்கள், பள்ளிக்கும் வரவில்லை. நூலகத்தில் ஒரு மாதம் வேலை பார்த்தவருக்குக்கூட இந்தக் கணக்கு புரியும். பிராங்கே பள்ளியை மூடிவிடவில்லை. மீதி இருந்த 16 குரோஷனுக்கு மறுபடியும் புத்தகம் வாங்கினார். இந்த முறை பாடம் முடிந்ததும் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று விதி செய்தார். அந்த அலமாரியிலிருந்து வளர்ந்ததுதான், ஐரோப்பாவே வந்து பார்த்துப்போன அனாதை இல்லமும் பள்ளிகளும் அச்சகமும் மருந்தகமும் நூலகமும்.

ஹாலே அதற்கு முன்பே பழைய ஊர். கி.பி. 806இல் அதன் பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. உப்பு காய்ச்சிப் பிழைத்த ஊர். பூமிக்கடியிலிருந்து ஊறும் உப்பு நீரைக் காய்ச்சிய தொழிலாளர்களுக்கு ஹல்லோரன் என்று பெயர். விழா நாட்களில் 18 வெள்ளிப் பொத்தான்கள் வைத்த சட்டை போட்டுக்கொண்டு அவர்கள் இன்றும் வலம் வருகிறார்கள். சந்தைத் திடலில் மாதா கோவிலின் நான்கு கோபுரங்களும், தனித்து நிற்கும் சிவப்புக் கோபுரமும் சேர்ந்து ஐந்து. ஐந்து கோபுர நகரம் என்றே ஊரைச் சொல்வார்கள். இசைமேதை ஹாண்டல் 1685இல் பிறந்தது இங்கேதான். அவர் சிலை அந்தத் திடலிலேயே நிற்கிறது.

பல்கலைக்கழகம் வந்தது 1694இல். பிராண்டன்பர்க் ஆட்சியாளர் மூன்றாம் பிரெடரிக் அதைத் தொடங்கி வைத்தார். முன்னின்று உருவாக்கியவர் கிறிஸ்டியன் தோமாசியஸ் என்ற சட்டப் பேராசிரியர். பல்கலைக்கழகம் என்றால் லத்தீன்தான் என்றிருந்த காலத்தில், 1687இல் லைப்சிக் நகரில் ஜெர்மன் மொழியில் பாடம் நடத்தப்போவதாக அறிவித்தவர் அவர். அங்கே அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. ஹாலேக்கு வந்து சேர்ந்தார். சூனியக்காரி என்று முத்திரை குத்திப் பெண்களை எரித்துக்கொண்டிருந்த வழக்குகளுக்கு எதிராக 1701இல் எழுதினார். சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்குவதற்கு எதிராக 1705இல் எழுதினார். தாய்மொழியில் உயர்கல்வி தேவையா என்று இன்னமும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கும் நாம் இந்த மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிராங்கேயும் அதே பல்கலைக்கழகத்தில்தான் பேராசிரியர், முதலில் கீழைமொழிகளுக்கு. பகலில் வகுப்பு; மற்ற நேரமெல்லாம் கிளௌகா. 1698 ஜூலை 13 அன்று அனாதை இல்லத்தின் பெரிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். கையில் பணம் இல்லை. ஆனால் பணம் வரும் வழிகளை அவர் யோசித்து வைத்திருந்த விதம் எந்த அறக்கட்டளைக்கும் பாடமாக வைக்கத் தக்கது. ஆட்சியாளரிடமிருந்து வரிவிலக்கு வாங்கினார். மருந்தகம் தொடங்கினார், அங்கே தயாரான ‘எசென்சியா டல்சிஸ்’ என்ற தங்கக் கஷாயம் நாடு நாடாகப் போய் விற்றது. அச்சகமும் புத்தகக் கடையும் வைத்தார். 1727இல் அவர் கண்ணை மூடும்போது அந்த வளாகத்தின் பள்ளிகளில் 2,000 பேருக்கு மேல் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அச்சகத்தில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். அந்தக் காலத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பக்கத்தை உருவாக்குவார்கள். அச்சடித்து முடிந்ததும் பக்கத்தைக் கலைத்து, எழுத்துகளை அறைகளில் திரும்பப் போட்டு, அடுத்த பக்கத்துக்கு எடுப்பார்கள். எழுத்து விலை அதிகம். அதனால் கலைத்தே ஆக வேண்டும். மறுபதிப்பு வேண்டுமென்றால் முதலிலிருந்து கோக்க வேண்டும். 1710இல் கான்ஸ்டைன் பிரபு என்ற நண்பரோடு சேர்ந்து ஹாலேயில் ஒரு விவிலிய அச்சகம் தொடங்கினார்கள். நன்கொடை திரட்டி, விவிலியம் முழுவதற்கும் போதுமான எழுத்துகளை வார்த்து, கோத்த பக்கங்களைக் கலைக்காமல் அப்படியே நிறுத்தி வைத்தார்கள். தேவைப்படும்போது மை தடவி அடிக்க வேண்டியதுதான் வேலை. புதிய ஏற்பாட்டின் விலை 2 குரோஷனுக்கு இறங்கியது. கூலிக்காரன் வீட்டிலும் ஒரு புத்தகம் இருக்க முடிந்தது. கலைக்காமல் வைத்திருந்தார்கள் என்ற இந்த ஒரு குணத்தைத்தான் ஹாலேயின் கதை முழுவதும் நான் பார்க்கிறேன்.

இனி தமிழுக்கு வருகிறேன். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்குக்குத் தம் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடிக்கு அருட்பணியாளர்களை அனுப்ப விருப்பம். அதற்குக் கிடைத்த இருவரும் ஹாலேயோடு தொடர்புடைய ஜெர்மானியர்கள். பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சாவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். சீகன்பால்குக்கு அப்போது ஏறக்குறைய 24 வயது. தமிழ் கற்க வேண்டும் என்று ஒரு வயதான வாத்தியாரைத் தேடிப் பிடித்தார். வாத்தியார் தம் திண்ணைப் பள்ளியைச் சீகன்பால்கின் வீட்டுக்கே மாற்றிக்கொண்டார். பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதித்தான் அவர் தமிழ் கற்றார். அந்த வாத்தியாரை நினைத்துப் பார்க்கிறேன். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இருந்திருக்கும். ஆனாலும் எழுத்தறிவிக்க வந்தார்.

இரண்டே ஆண்டில், 1708இல், சீகன்பால்கு தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். ‘பிப்ளியோதேகா மலபாரிக்கா’ என்பது அதன் பெயர். தமிழரை மலபாரிகள் என்று ஐரோப்பியர் அழைத்த காலம் அது. கிறிஸ்தவ நூல்கள், இஸ்லாமிய நூல்கள் போக, இந்தப் பட்டியலில் தமிழ் மரபுக்குரிய சுவடிகள் மட்டும் 119. திருக்குறள் இருக்கிறது, சிவவாக்கியம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இது எதைப் பற்றியது, எவ்வளவு பெரியது, யார் படிக்கிறார்கள் என்று குறிப்பு எழுதியிருக்கிறார். எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி, கணவரை இழந்த பெண்களிடமிருந்தெல்லாம் விலைக்கு வாங்கிச் சேர்த்த சுவடிகள் இவை. நம் நூல்களில் பெரும்பாலானவை அச்சேற இன்னும் 100 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் எவை எவை ஊர்களில் புழங்கின என்று சொல்லும் சாட்சி இந்தப் பட்டியல். 1880இல் ஹாலேயில் அது அச்சானது. 2012இல் வில் ஸ்வீட்மன், இரா. இலக்குவன் இருவரின் உழைப்பில் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலத்தில் விளக்கங்களோடு வந்தது. நூலகத் தொழிலில் இருப்பவர்கள் அதைக் கட்டாயம் புரட்டிப் பார்க்க வேண்டும். நூல் குறிப்பு எழுதுவது எப்படி என்று 26 வயது இளைஞன் கற்றுத்தருகிறான்.

தமிழில் அச்சு அதற்கு முன்பே வந்துவிட்டது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானதை நாம் அறிவோம். ஆனால் அந்த முயற்சிகள் தொடரவில்லை. சீகன்பால்கு காலத்தில் மறுபடியும் எழுத்து வார்க்க வேண்டியிருந்தது. தமிழ் எழுத்துகளை வரைந்து ஹாலேக்கு அனுப்பினார்கள். தமிழே தெரியாத கைகள் அங்கே ‘ழ’வையும் ‘ஞ’வையும் உலோகத்தில் வெட்டின. 1713இல் அந்த எழுத்துகள் ஆட்லர் என்ற அச்சுக் கலைஞரோடு கப்பலில் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கின. அச்சடித்துப் பார்த்தால் எழுத்து பெரியது. அந்த அளவில் விவிலியம் அச்சிட்டால் கைவசம் இருந்த காகிதம் காணாது. ஆட்லர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வைத்து வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கினார்கள் என்று சொல்வார்கள். பக்கத்தில் பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது.

பெரிய எழுத்துகள் வீணாகவில்லை. ஹாலேயின் அனாதை இல்ல அச்சகத்தில் 1716இல் சீகன்பால்கின் ‘கிரமாட்டிகா தமுலிகா’ வெளிவந்தது. லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம். இடையிடையே வரும் தமிழ் முழுக்கத் தமிழ் எழுத்திலேயே, அந்த ஹாலே எழுத்திலேயே அச்சாகியிருக்கும். ஐரோப்பிய மாணவர் தமிழ் கற்க முதன்முதலில் கிடைத்த அச்சு நூல்களில் இது முன்னோடி. சீகன்பால்கு 1714 இறுதியில் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியபோது தனியாகப் போகவில்லை. மலையப்பன் என்ற தரங்கம்பாடி இளைஞரையும் மொழிப்பணிக்கு உதவியாக அழைத்துப் போனார். ஜெர்மன் குளிரில், பிராங்கேயின் வளாகத்தில், 1715இல் ஒரு தமிழ்க் குரல் கேட்டது. அட்டையில் அவர் பெயர் இல்லை. ஆனால் அந்த இலக்கணத்தைப் பற்றிப் பேசும்போது நாமாவது மலையப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்வோம்.

தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் 1710 முதல் ஹாலேயில் தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். ‘ஹாலே அறிக்கைகள்’ என்று பெயர். புதிய வரிசையும் சேர்த்தால் 1848 வரை வந்தது. வெள்ளம் வந்தது, பஞ்சம் வந்தது, தஞ்சைப் படை போனது, இன்ன ஊர்ச் சத்திரத்தில் இன்னாரோடு பேசினோம் என்று நம் காவிரிப் படுகையின் அன்றாடம் அதில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதில் வந்த மலபார் கடிதங்கள். உங்கள் ஊரில் கல்யாணம் எப்படி, மருத்துவம் எப்படி, கடவுளை எப்படி நினைக்கிறீர்கள், நாங்கள் செய்வது உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்று 1712 முதல் 1714 வரை அருட்பணியாளர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய பதில்கள். ஜெர்மன் மொழிபெயர்ப்பில் 99 கடிதங்கள். பலர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வேதம் நல்லதாக இருக்கலாம், உங்கள் ஆட்கள் குடிப்பதும் சுத்தமில்லாமல் இருப்பதும் எங்களுக்குப் பிடிக்கவில்லை என்ற தொனியில் பதில்கள் உண்டு. 300 ஆண்டுக்கு முந்தைய சாதாரணத் தமிழரின் நேர்ப்பேச்சு இப்படி வேறெங்கே கிடைக்கும்?

இவற்றைப் படிக்கும்போது கவனம் வேண்டும். எழுதச் சொன்னவர்கள் மதம் மாற்ற வந்தவர்கள். தேர்ந்தெடுத்ததும் மொழிபெயர்த்ததும் அவர்களே. அந்தப் பார்வையின் சாயம் எல்லாப் பக்கத்திலும் உண்டு. பிராங்கேயின் மனத்தின் குறுக்கமும் இங்கேதான் தெரிகிறது. சீகன்பால்கு 1713இல் ‘மலபார் தெய்வங்களின் வம்சாவளி’ என்ற பெரிய நூலை எழுதி அனுப்பினார். அய்யனார், மாரியம்மன், எல்லையம்மன் வரை ஊர்த் தெய்வங்களையெல்லாம் மக்களிடம் கேட்டும் சுவடிகளில் படித்தும் எழுதியது. பிராங்கே அச்சிட மறுத்தார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பினால், அதை ஐரோப்பாவில் பரப்ப நூல் எழுதுவதா என்பது அவர் கருத்து. சீகன்பால்கு 1719இல் 36 வயதில் இறந்துபோனார். தாம் கட்டிய தரங்கம்பாடிப் புது எருசலேம் ஆலயத்தில் அடக்கமானார். நூல் அச்சாகாமலே கிடந்தது.

இதே பிராங்கேயும் அவர் கூட்டத்தாரும்தான் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் வோல்ஃபுக்கு எதிராக நின்றார்கள். வோல்ஃப் கணிதமும் தத்துவமும் நடத்திய பேராசிரியர். 1721இல் ஒரு விழாப் பேருரையில், கிறிஸ்தவ வேதம் அறியாத சீனர்களும் அறத்தோடு வாழ்கிறார்களே, அறத்துக்குப் பகுத்தறிவே போதும் என்ற பொருளில் பேசிவிட்டார். புகார் அரசரிடம் போனது. 1723 நவம்பரில் ஆணை வந்தது: 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும், இல்லையேல் தூக்கு. வோல்ஃப் மார்பர்க் நகருக்குப் போனார். 1740இல் மகா பிரெடரிக் பட்டத்துக்கு வந்ததும் அவரைத் திரும்ப அழைத்தார்; ஊர் கூடி வரவேற்றது. பிராங்கேயின் அறப்பணியை எவ்வளவு போற்றினாலும் இது அவர் மேல் உள்ள கறைதான். மாற்றுக் கருத்தைத் துரத்தும் கல்விக்கூடம் தன்னையே குறைத்துக்கொள்கிறது.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கே உரிய பெருமைகளும் பெரியவை. இன்றைய கானா நாட்டுப் பகுதியில் பிறந்து, சிறுவயதிலேயே ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆன்டன் வில்ஹெல்ம் அமோ 1727இல் இங்கே மாணவராகச் சேர்ந்தார். ஐரோப்பாவில் கறுப்பின மக்களுக்குள்ள உரிமைகளைப் பற்றி 1729இல் விவாத உரை நிகழ்த்தினார். பின்னர் இங்கேயே பாடமும் நடத்தினார். 1754இல் டோரதேயா எர்க்ஸ்லேபன் இங்கே மருத்துவப் பட்டம் பெற்று, ஜெர்மனியில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே நோயாளிகளையும் கவனித்தவர். பட்டம் இல்லாமல் வைத்தியம் செய்கிறாள் என்று ஆண் மருத்துவர்கள் புகார் செய்த பிறகு, ஆய்வேட்டை எழுதி நீட்டி, தேர்வில் உட்கார்ந்து அவர்கள் வாயை அடைத்தார். முடிவிலிக்குள்ளும் பெரிது சிறிது உண்டு என்று காட்டிய கணிதமேதை கேன்டர் 1869 முதல் இங்கேதான் கற்பித்தார். நெப்போலியன் 1806இல் பல்கலைக்கழகத்தை மூடினான். அது திறந்தது, மறுபடி 1813இல் மூடப்பட்டது. 1817இல் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தோடு இணைந்து மறுவாழ்வு பெற்றது.

இப்போது நூலகத்துக்குள் போவோம். 1726 முதல் 1728 வரை பிராங்கேயின் வளாகத்தில் நூலகத்துக்கென்றே தனிக் கட்டடம் எழுப்பினார்கள். ஜெர்மனியில் இன்றும் நிற்கும் சமயச் சார்பற்ற நூலகக் கட்டடங்களில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். மேல்தளத்தில் மரத்தாலான உயர்ந்த அலமாரிகள் இரு பக்கமிருந்தும் நாடக மேடையின் பக்கத் திரைகளைப் போல வரிசையாக முன்னே நீண்டு நிற்கும். நடுவில் நின்று பார்த்தால் புத்தகங்களுக்கு நடுவே ஒரு பாதை உள்ளே உள்ளே போவதுபோல் இருக்கும். பக்கத்து அனாதை இல்லக் கட்டடத்தின் உச்சி மாடத்தில் ஓர் அதிசயப் பொருள்கூடம். பிள்ளைகள் உலகத்தைக் கண்ணால் பார்த்துக் கற்க வேண்டும் என்று பிராங்கே தொடங்கியது. 1736 முதல் கிரண்ட்லர் என்ற ஓவியர் அதை ஒழுங்குபடுத்தினார். உள்ளே இருப்பது என்ன என்று ஒவ்வொரு அலமாரியின் தலையிலும் வண்ணத்தில் வரைந்து வைத்தார். சிப்பிக்கு ஓர் அலமாரி, கல்லுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. அந்த எழுத்து அலமாரியில் நம் பனையோலை இருக்கிறது. சாலே நதிக்கரையில் ஒரு ஜெர்மன் அனாதைப் பிள்ளை, 18ஆம் நூற்றாண்டிலேயே, தமிழர் ஓலையில் எழுதுகிறார்கள் என்று கண்ணால் கண்டு தெரிந்துகொண்டது.

அச்சிட மறுத்த அந்தத் தெய்வ நூலும் எறியப்படவில்லை. கைப்பிரதி கிடந்தது. சீகன்பால்கு இறந்து ஏறக்குறைய 150 ஆண்டு கழித்து, 1867இல், வில்ஹெல்ம் ஜெர்மன் என்பவர் அதை நம் சென்னையில் அச்சேற்றினார். மூலப் பிரதியை ஒட்டிய செம்பதிப்பைத் தமிழரான டேனியல் ஜெயராஜ் உருவாக்க, அது 2003இல் ஹாலேயிலிருந்தே வெளிவந்தது. மறுத்த வீடே ஒரு தமிழர் கையால் அதை வெளியிட்டது! பிராங்கே மறுக்கத்தான் செய்தார். ஆனால் அவர் நிறுவிய இடம் காக்கும் வழக்கத்தை விடவில்லை.

அந்த இடத்துக்கே ஆபத்து வந்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஹாலே பெரிய அழிவிலிருந்து தப்பியது. ஆனால் 1946இல் பிராங்கே நிறுவனம் தனி அமைப்பாக இருப்பது முடிவுக்கு வந்து, பல்கலைக்கழகத்தோடு சேர்க்கப்பட்டது. கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் அனாதை இல்லத்தின் முகப்புக்கு முன்னாலேயே ஒரு மேம்பாலம் கட்டினார்கள். ஆறு மாடி உயர மரச்சட்டக் கட்டடங்கள் மழையில் ஊறி உளுத்தன. ஜெர்மனி ஒன்றுசேர்ந்த பிறகு, நூலக உலகில் பெயர்பெற்ற பவுல் ராபே முன்னின்று, 1992இல் நிறுவனத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார். கூரை வேய்ந்தார்கள், மரத்தை மாற்றினார்கள், அதிசயப் பொருள்கூடத்தைப் பழைய வண்ணத்தோடு திறந்தார்கள். இன்று அங்கே பள்ளிகள் நடக்கின்றன. ஆவணக் காப்பகத்தில் தரங்கம்பாடிக் கடிதங்களும் தமிழ் ஓலைகளும் வரிசை எண்ணோடு இருக்கின்றன. 2017இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகமாக்கியதிலும் அந்த நிறுவனத்தின் கை உண்டு.

ஆய்வாளர்கள் நம் கதையைத் தேடி ஹாலேக்குப் போகிறார்கள். அவர்கள் போவதில் எனக்கு வருத்தமில்லை. அங்கே இருக்கிறது, போகிறார்கள். இங்கே இருந்த சுவடிகளில் எத்தனை பரணில் செல்லரித்தன, எத்தனையை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டோம் என்று நினைக்கும்போதுதான் நெஞ்சு அடைக்கிறது. உ.வே.சா. சுவடி தேடி ஊர் ஊராக நடந்திராவிட்டால் இன்னும் எவ்வளவு போயிருக்கும்.

நம் நூலகத்தில் இந்தப் பொன்விழாவையொட்டி, நுழைவாயில் அறையில் ஓர் அலமாரியைக் காலியாக வைக்கச் சொல்லி விழாக் குழுவினரிடம் கேட்டிருக்கிறேன், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய கணக்கு நோட்டு, தாத்தா கைப்பட எழுதிய வைத்தியக் குறிப்பு, கோவில் திருவிழா நோட்டீஸ், பள்ளி மலர், தாலாட்டு எழுதிய நாற்பது பக்க நோட்டு, ஓலை என்றால் ஓலை, எதுவானாலும் கொண்டு வாருங்கள். எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை இங்கே காட்டுங்கள். படி எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே தருவோம்; விட்டுப்போக விரும்பினால் உங்கள் பெயரை எழுதி, எண் போட்டு வைப்போம். நூலகம் காலை 8 மணிக்குத் திறக்கிறது.